கணக்காளர்களின் மன நிறைவு: வரவு எது, செலவு எது?

புது தில்லி: தலைநகரில் வருமான வரி அலுவலகத்தின் பெயரால் அறியப்படும் ஐ.டி.ஓ. பகுதியில்தான் இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் தலைமையகம் அமைந்துள்ளது. 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அவ்வாண்டு ஜூலை 1-ஆம் தேதி உதயமான இந்நிறுவனத்தில் இன்று 4 லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள் உள்ளனர். அவர்களில் ஏறத்தாழ 30 சதவீதத்தினர் பெண்கள். ஒரு தலைமுறைக்கு முன்பு பத்தில் ஒருவர்கூடப் பெண்ணாக இல்லாத தொழில் இது.

எண்ணிக்கை உயர்ந்துவிட்டது. ஆனால், பணியில் மன நிறைவும் உயர்ந்திருக்கிறதா?

இக்கேள்விக்கான பதில் எளிதன்று. பொருளாதார அறிஞர் ஆண்ட்ரூ கிளார்க், பிரிட்டன் ஊழியர்களிடம் திரட்டப்பட்ட தகவல்களை ஆராய்ந்து 1997-இல் வியப்பூட்டும் முடிவு ஒன்றை வெளியிட்டார். ஊதியமும் பதவி உயர்வும் குறைவாக இருந்தும், ஆண்களைவிடப் பெண்களே பணியில் அதிக மன நிறைவு கொண்டிருப்பதாகக் கூறினர். காரணம், அவர்களது எதிர்பார்ப்பே குறைவாக இருந்ததுதான் என்று அவர் கருதினார். இளம் பெண்கள், உயர்கல்வி பெற்றவர்கள், ஆண்கள் மிகுந்த பணியிடங்களில் இருப்பவர்கள் ஆகியோரிடம் இந்த வேறுபாடு காணப்படவில்லை. கணக்குத் தணிக்கைத் தொழிலில் இன்று நுழையும் இளம்பெண்ணுக்கு இம்மூன்றும் பொருந்தும்.

வயது குறித்தும் அவர் வேறு இருவருடன் சேர்ந்து 1996-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களின் பதில்களின்படி, பணியில் சேரும்போது ஓரளவு இருக்கும் மன நிறைவு, முப்பதுகளில் அடிமட்டத்தைத் தொட்டு, பின்னர் ஓய்வுபெறும் வயதுவரை ஏறிக்கொண்டே செல்கிறது.

முப்பதுகளின் சுமை

பட்டயக் கணக்காளரின் முப்பதுகளை எண்ணிப் பார்ப்போம். கடினமான தேர்வுகளையும் பயிற்சிக் காலத்தையும் கடந்து, நிறுவனத்தில் பங்குதாரராக உயரவோ, சொந்த அலுவலகத்தை நிலைநிறுத்தவோ பாடுபடும் காலம் அது. மகப்பேறும் குழந்தை வளர்ப்பும் பெண்களுக்கு அதே ஆண்டுகளில்தான் வருகின்றன. முன்பெல்லாம் வருமான வரிக் கணக்குத் தாக்கல் நெருங்கும் மாதங்களில் மட்டும் இரவு பகலாக வேலை இருந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்த பிறகு கெடு மாதந்தோறும் வருகிறது. ஆடிட்டர் தொழிலில் முதியவர்கள் காணும் மன நிறைவுக்குச் சொந்த அலுவலகமும் நிலையான வாடிக்கையாளர்களும் துணை நிற்கின்றனர். இடையிலேயே தொழிலைக் கைவிட்ட பெண்களின் குரலோ எந்தக் கருத்துக்கணிப்பிலும் பதிவாவதில்லை.

2024 ஜூலையில் புணேயில், பன்னாட்டுத் தணிக்கைக் குழுமம் ஒன்றில் சேர்ந்து நான்கே மாதங்கள் ஆன 26 வயது கேரளப் பெண் கணக்காளர் உயிரிழந்தார். அளவு கடந்த பணிச்சுமையே காரணம் என அவரது தாயார் எழுதிய கடிதம் நாட்டை உலுக்கியது. அதை நிறுவனம் ஏற்கவில்லை. விசாரணை நடத்தப்படும் என மத்திய தொழிலாளர் அமைச்சகம் அறிவித்தது.

சட்டத்தின் எல்லை

அலுவலக நேரத்துக்குப் பின் தொலைபேசி அழைப்பையும் மின்னஞ்சலையும் ஏற்க மறுக்கும் உரிமையை ஊழியருக்கு வழங்கக் கோரி, சுப்ரியா சுலே 2018 டிசம்பரில் மக்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அந்த மக்களவையின் பதவிக்காலத்துடன் அது காலாவதியானது. 2025 டிசம்பரில் மீண்டும் அறிமுகம் செய்தார். தனிநபர் மசோதாக்கள் சட்டமாவது நம் நாடாளுமன்றத்தில் மிக அரிது.

மகப்பேறு விடுப்பு 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 26 வாரங்களாக உயர்ந்தது. ஆனால், பத்துப் பேருக்குக் குறைவாகப் பணிபுரியும் அலுவலகங்களுக்கு அது கட்டாயமன்று. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவ்வரம்பு நீடிக்கிறது. நாட்டின் தணிக்கை அலுவலகங்களில் பெரும்பாலானவை ஒரே கணக்காளர் நடத்தும் சிறு அலுவலகங்களே. எனவே, அங்கு பணிபுரியும் பெண்களுக்கு முதலாளியின் நல்லெண்ணமே பாதுகாப்பு.

தலைமைப் பதவிகளின் நிலை என்ன? நாட்டின் முதல் பெண் கணக்காளரான சென்னையைச் சேர்ந்த ஆர். சிவபோகம், விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். 1933-இல் தகுதி பெற்று, 1950-களில் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் தென்னிந்திய மண்டலக் குழுவுக்குத் தலைமை வகித்தார். ஆயினும், அந்நிறுவனத்தின் முதல் 75 ஆண்டுகளில் ஒரு பெண்கூட அகில இந்தியத் தலைவராகவில்லை. அரசின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் தலைமைக் கணக்குத் தணிக்கையர் பதவியிலும் 2024 நவம்பரில் நடந்த நியமனம்வரை ஆண்களே அமர்ந்துள்ளனர். கம்பெனிச் செயலர்கள் நிறுவனம் முன்னரே ப்ரீத்தி மல்ஹோத்ராவைத் தலைவராகக் கண்டுவிட்டது.

ஆகவே, மூத்த பெண் கணக்காளர்கள் மன நிறைவோடு இருப்பதாகக் கூறினால் அதைச் சமத்துவத்தின் சான்றாகக் கொள்ள இயலாது. இளம் கணக்காளர்கள் குறை கூறினால் பொறுமையற்றவர்கள் என ஒதுக்குவதும் நியாயமன்று. தங்களுக்கு உரியது எது என்பதை அறிந்தவர்களின் குறை அது. பத்துப் பேர் என்ற வரம்பைத் தளர்த்துவதும், படித்த ஊழியரின் வேலை நேரத்துக்கு எல்லை வகுப்பதும் நாடாளுமன்றத்தின் கையில் உள்ளன. பிறர் கணக்கைச் சரிபார்ப்பவர்களின் உழைப்புக் கணக்கையும் ஒருமுறை சரிபார்க்க வேண்டிய கடமை அவைக்கு உண்டு.