சேற்றில் சிக்கிய லாரியை மீட்கும் கருவிகள்

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் ஜெம்போல் மாவட்டத்தில், பகாவ் நகரைச் சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. அடைமழை பெய்தால் தோட்டத்துச் செம்மண் சாலைகள் சேறாகிவிடும். குலைகளை ஏற்றிச் செல்லும் லாரி அச்சுவரை புதைந்து போவதும் உண்டு. அறுத்த குலைகளை 24 மணி நேரத்திற்குள் ஆலையில் பதப்படுத்தாவிட்டால் எண்ணெயில் அமிலத்தன்மை கூடித் தரம் குறையும். அதற்காக, அவசரத்தில் கைக்குக் கிடைத்த கயிற்றைக் கட்டி இழுப்பது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

மீட்புக் கருவிகளைத் தேர்ந்தெடுக்கும்போது, சுமையோடு கூடிய லாரியின் மொத்த எடையை முதலில் கணக்கிட வேண்டும். சேற்றின் பிடியும் பாதையின் ஏற்றமும் சேர்ந்து லாரியைத் தடுக்கும். ஆகவே, 'வின்ச்' எனப்படும் இழுபொறியின் இழுவிசை மொத்த எடையைப் போல் ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும் என்பது பொதுவிதி. மொத்த எடை 16 டன் என்றால், 24 டன் இழுவிசை தேவை.

அத்தனை வலிமையான இழுபொறி இல்லையென்றால் கப்பி கைகொடுக்கும். லாரியில் பொருத்திய 12 டன் இழுபொறியின் கம்பிவடத்தை, எதிரே உறுதியான பிடிமானத்தில் கட்டிய கப்பியில் சுற்றி, மீண்டும் லாரியின் கொக்கியிலேயே மாட்ட வேண்டும். இப்போது வடத்தின் இரு பகுதிகள் லாரியை இழுப்பதால், விசை ஏறத்தாழ 24 டன் ஆகிறது. உராய்வால் அது சற்றுக் குறையும்; இழுக்கும் வேகமும் பாதியாகும்.

இங்குதான் பலர் தவறிவிடுகின்றனர். கம்பிவடத்தின் மீது விழும் விசை 12 டன் மட்டுமே. ஆனால் கப்பியும், அதைப் பிணைக்கும் 'ஷேக்கல்' எனும் இரும்பு வளையமும், பிடிமானத்தைச் சுற்றிய அகலப் பட்டையும் 24 டன்னையும் தாங்க வேண்டும். இவற்றுள் ஒன்று வலுவற்றதாக இருந்தாலும் அது தெறித்துப் பாயும். எனவே, தாங்கும் அளவு பொறிக்கப்படாத கருவியை வாங்கக்கூடாது. பிடிமானத்திலும் கவனம் தேவை. செம்பனைக்கு ஆணிவேர் இல்லாததால், ஒரே மரத்தை நம்பாமல் பல மரங்களில் பகிர்ந்து கட்டுவதோ, கனரக இயந்திரம் ஒன்றை நிறுத்திக்கொள்வதோ நன்று.

விலை குறைந்த கருவிகளையும் மறக்கலாகாது. மண்வெட்டியால் சக்கரத்தின் முன்னுள்ள சேற்றை அகற்றிப் பலகை இட்டால் தடை குறையும். 6 டன் குலைகளை இறக்கிவிட்டால் மொத்த எடை 10 டன்னாகி, 15 டன் இழுவிசையே போதுமானதாகும்.

இழுக்கும்போது வடத்தின் மீது கனமான சாக்கைப் போர்த்த வேண்டும். வடத்தின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு தொலைவிற்குள் எவரும் நிற்கக்கூடாது. பதறாத காரியம் சிதறாது என்பது சேற்றில் சிக்கிய லாரிக்கும் பொருந்தும்.