வெட்டிய கரும்பு காத்திருக்குமா?

"விலை பிடிக்கவில்லையா, விற்காதே! வேறு ஆளைப் பார்!" என்று உபதேசம் செய்வோர் உண்டு. சந்தையிலே கத்தரிக்காய்க் கூடையோடு அமர்ந்திருக்கும் மூதாட்டிக்கு அது பொருந்தும். இவர் குறைத்துக் கேட்டால் அடுத்தவருக்குக் கொடுப்பார். கரும்பு போட்ட உழவருக்குப் பொருந்துமா? அதைத்தான் நாம் கேட்கிறோம்.

கரணை நடும் வரையிலே அவர் சுதந்திர மனிதர். நெல் போடலாம், வாழை வைக்கலாம். நட்டுவிட்டாரோ, கட்டுண்டார்! பத்துப் பன்னிரண்டு மாதம் தண்ணீர் பாய்ச்சி, உரமிட்டு, சோகை உரித்து வளர்த்த பயிர். வெட்டிய நேரம் முதல் அதிலே சர்க்கரை குறையத் தொடங்குகிறது. ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போய்ச் சேரவேண்டும். எடையிலே பெரும்பகுதி தண்ணீர். தொலைவுக்கு ஏற்றினால் வண்டிச் சத்தமே விலையை விழுங்கிவிடும். பக்கத்திலே இருப்பதோ ஒரே ஆலை! "பணம் பிறகு" என்று அந்த ஆலை சொன்னால் உழவர் என்ன செய்வார்? கரும்பைப் பெட்டியிலே பூட்டி வைப்பாரா?

இந்த இக்கட்டை ஆராய்ந்த அறிஞர்கள் உண்டு. சந்தை இருக்கும்போது கம்பெனி எதற்கு என்று 1937-இல் கேட்டார், இங்கிலாந்தின் ரொனால்ட் கோஸ். விலை விசாரிக்க, பேரம் பேச, ஒப்பந்தம் எழுத, ஒவ்வொன்றுக்கும் செலவுண்டு. அந்தச் செலவு மிஞ்சும் இடத்திலே, வேலையைத் தன் கூரைக்குள்ளேயே முடித்துக்கொள்ள நிறுவனம் பிறக்கிறது என்றார். 1991-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. 2009-இல் அதே பரிசைப் பகிர்ந்துகொண்ட அமெரிக்கர் ஆலிவர் வில்லியம்சன் இன்னும் ஆழமாகத் தோண்டினார். வருங்காலம் முழுவதையும் எந்த ஒப்பந்தத்திலும் எழுதிவிட முடியாது. ஒருவரிடம் மட்டுமே விலைபோகும் பொருளிலே முதலைக் கொட்டியவர், கையெழுத்துக்கு முன் பலரிலே ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார். பின்னரோ ஒருவரிடமே சிக்குகிறார் என்றார்.

"ஆலைக்கும் கரும்பு வேண்டாமா?" என்பார்கள். வேண்டும், கரும்பில்லாத ஆலை வெறும் இரும்பு! ஆனால் ஆலைக்கு உழவர் ஆயிரம் பேர். உழவருக்கு ஆலை ஒன்று. காத்திருக்க வல்லவர் யார், காத்திருக்க முடியாதவர் யார்?

ஆகவேதான் 1966-ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை, சரக்கு ஒப்படைத்த 14 நாளுக்குள் பணம் தரவேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 சதவிகித வட்டி என்று விதித்தது. மராட்டியத்துப் பிரவராநகரிலே உழவர்கள் வேறு வழி கண்டனர். 1950-இலேயே அவர்களது கூட்டுறவு ஆலை எழுந்தது. கரும்பு விற்பவரே ஆலைக்கும் உடைமையாளர்!

கூட்டுறவு என்று பெயர்ப்பலகை மாட்டிவிட்டால் குறை தீர்ந்துவிடுமா? தீராது. கூட்டுறவு ஆலைகளிலும் பாக்கி நின்றதுண்டு. கூரைக்குள்ளே கொண்டுவந்தால் அதற்கும் ஒரு செலவுண்டு. கோப்பு தூங்கும், பொறுப்பு நழுவும் என்பதை வில்லியம்சனும் மறைக்கவில்லை. சட்டம் ஏட்டிலே இருந்து, வட்டி கைக்கு வராவிட்டாலும் பயனில்லை.

"அவரே விரும்பித்தானே கையெழுத்துப் போட்டார்?" என்று கேட்பவர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: கையெழுத்திட்ட நாளை மட்டும் பார்க்காதீர்கள். அதற்கு மறுநாள், விலகிச் செல்ல யாரால் முடியும், யாரால் முடியாது என்று பாருங்கள். முடியாதவர் பக்கம் சட்டம் நிற்கட்டும். வெட்டிய கரும்பு காத்திராது. விளைவித்தவன் வீட்டு அடுப்பும் காத்திராது!