உங்களுக்குத் தெரியுமா? கரிசல் சேற்றுக்கு எந்த டயர்?

பனி நாடுகளில் பின்சக்கர இழுவை ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள், வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும் காலத்தில் நான்கு சக்கரங்களுக்கும் குளிர்கால டயர் மாட்டுவார்கள். குளிரிலும் இறுகாத மென்மையான ரப்பர் அது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வெயிலில் ஓட்டினால் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

நம் பக்கத்து வண்டிகளுக்குச் சோதனை ஐப்பசி மழைதான். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் கரிசல், நனைந்துவிட்டால் விடாமல் ஒட்டும். டயரின் பள்ளங்கள் சேற்றால் அடைபட்டதும் பிடிமானம் போய்விடும். டாடா ஏஸ், பழைய ஆம்னி போன்ற பின்சக்கர வண்டிகள் பாரமில்லாமல் போனால் பாடு அதிகம். உந்தித் தள்ளும் சக்கரத்தின் மேல் போதிய எடை இருக்காது. சாலை டயரில் பள்ளம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது சட்டம். கரிசல் பாதைக்கு அது எந்த மூலைக்கு?

டிராக்டரின் பெரிய டயரைப் பின்னால் நின்று பாருங்கள். அதன் கட்டைகள் கூரை முகடுபோல மேல்நோக்கிக் குவிந்திருக்கும். ஓடும்போது நடுப்பகுதி முதலில் மண்ணில் பதிந்து, சேற்றை இரண்டு ஓரங்களுக்கும் தள்ளிவிடும். திசை மாற்றி மாட்டினால் சேறு நடுவிலேயே சேரும். அதனால் டயர் மாற்றும்போது, பக்கவாட்டில் உள்ள அம்புக்குறியை நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.