எண் சுட்டும் இடம்

பிரயாணம் செய்வோர் பெரும்பாலும் ஒரு பெயரை நாடியே செல்கின்றனர். திருத்தலம், அருவி, கோட்டை, சந்தை, உறவினர் வாழும் ஊர் என ஏதேனும் ஒன்று அவர்களை அழைக்கின்றது. பெயரறியாத ஓரிடத்துக்கு, அங்கே யாதொரு கருமமும் இல்லாத ஒருவன், கால் கடுக்க நடந்து சென்று, நாற்றிசையையும் புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்புவானாயின் அவனைப் பித்தன் என்றே நம்மவர் கூறுவர். ஆயினும் இத்தகைய பித்தர் இன்று பல நாடுகளில் உளர். அவர்களை அழைப்பது ஊரன்று, பேரன்று; வெறும் எண்ணே. அவ்வெண் விளையாட்டு இன்னதென்பதையும், அது தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையில் வந்து விழுந்தால் யாதாகும் என்பதையும் ஈண்டு எழுதப் புகுந்தோம்.

பூகோளப் படத்தில் குறுக்கே ஓடும் அட்சரேகைகளையும் நெடுக ஓடும் தீர்க்கரேகைகளையும் நாம் பள்ளியிலேயே அறிந்துள்ளோம். முழுப் பாகை எண்ணுடைய ரேகைகள் ஒன்றையொன்று வெட்டும் புள்ளிகள், இரு துருவங்களையும் சேர்த்து, 64,442 ஆகும். அவற்றுட் பெரும்பகுதி கடலில் விழுவன. நிலத்தில் விழுவனவற்றை ஒவ்வொன்றாக நேரிற் சென்று கண்டு, படமெடுத்து, சென்ற வரலாற்றையும் எழுதி இணையத்தில் ஓரிடத்தே தொகுப்பது என்னும் முயற்சியை அமெரிக்க நாட்டினரான அலெக்ஸ் ஜாரட் என்பவர் 1996-ஆம் ஆண்டில் தொடங்கினார். அவர் முதலிற் கண்டது நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் வடக்கு 43 பாகையும் மேற்கு 72 பாகையும் கூடும் புள்ளி. புள்ளிக்கு 100 மீட்டருக்குள் சென்றாலே சென்றதாகக் கொள்ளப்படும். ஆயினும் கையிலுள்ள கருவியில் தசமப் புள்ளிக்குப் பின்னுள்ள இலக்கங்கள் யாவும் சுழியாகும்வரை, ஓரடி இப்புறமும் ஓரடி அப்புறமுமாக நகர்ந்து நகர்ந்து ஆடுவதில்தான் அவர்களுக்கு மகிழ்ச்சி. காண்போர்க்கு அது கூத்துப்போலவே தோன்றும் என்பதில் ஐயமில்லை.

தமிழ்நாட்டிலும் இத்தகைய புள்ளிகள் உள. வடக்கு 11, கிழக்கு 77 என்பது கோயம்புத்தூர் மாநகருக்குள்ளேயே விழுகின்றது. வடக்கு 10, கிழக்கு 78 மதுரைக்கு வடமேற்கே உள்ளது. வடக்கு 12, கிழக்கு 80 என்பதோ புதுச்சேரிக்குச் சற்று வடகிழக்கே கடலில் மூழ்கிக் கிடக்கின்றது. தருமபுரிப் பக்கத்துக்கு உரியது வடக்கு 12, கிழக்கு 78. அது தருமபுரி நகருக்குத் தென்மேற்கே உள்ளது. அதற்கு அடுத்த புள்ளியாகிய வடக்கு 12, கிழக்கு 79 திருவண்ணாமலைக்குத் தெற்கே உள்ளது. இவ்விரண்டுக்கும் இடைத்தூரம் ஏறத்தாழ 109 கிலோமீட்டர். சித்தேரி மலை ஏறக்குறைய இவற்றின் நடுவே, எந்தப் புள்ளியும் எட்டாத இடத்தில் நிற்கின்றது. ஆகவே ஜாரட்டின் ஆட்டத்தில் சித்தேரிக்கு இடமில்லை. முழு எண்ணை மட்டுமே மதிக்கும் விளையாட்டு, பின்னத்தில் வாழ்வோரை ஒருநாளும் காணாது.

இக்குறையைத் தீர்ப்பதுபோல் பிறிதோர் ஆட்டம் 2008-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள் தோன்றியது. ரேண்டல் மன்றோ என்னும் அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர், இணையத்தில் தாம் வெளியிட்டுவரும் சித்திரத் தொடரில் அன்று ஒரு சூத்திரத்தை வரைந்து காட்டினார். உலகம் முழுவதும் ஒரு பாகை நீளமும் ஒரு பாகை அகலமும் உள்ள கட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளதன்றோ? ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு புள்ளியைக் குறித்துத் தருவது அச்சூத்திரம். அதனை எவரும் முன்கூட்டி அறியவும் இயலாது. தம் விருப்பப்படி மாற்றவும் இயலாது.

அதன் வழி வருமாறு: அன்றைய தேதியை எழுதி, அதன் பின்னே நியூயார்க் பங்குச் சந்தையில் டௌ ஜோன்ஸ் குறியெண் அன்று தொடங்கிய அளவைச் சேர்க்க வேண்டும். இவ்வாறு அமைந்த எழுத்துத் தொடரை எம்.டி.5 என்னும் கணிப்பிற் செலுத்த வேண்டும். எத்தொடரைக் கொடுத்தாலும் அதனை அரைத்துக் கலக்கி 32 இலக்கங்களாக வெளியிடும் உரல் போன்றது அக்கணிப்பு. தொடரில் ஓரெழுத்து மாறினும் வெளிவருவது முற்றிலும் வேறாகும். இந்த 32 இலக்கங்களும் பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில் அமைந்தவை. அவற்றின் முற்பாதியை ஒரு பின்னமாகவும் பிற்பாதியை மற்றொரு பின்னமாகவும் கொண்டு, முன்னதை அட்சத்தின் முழுப் பாகையோடும் பின்னதைத் தீர்க்கத்தின் முழுப் பாகையோடும் சேர்த்தால் அன்றைய இடம் கிடைத்துவிடும். நியூயார்க்கிற் சந்தை திறக்கும்போது நம் நாட்டிற் பொழுது சாய்ந்துவிடுமாதலால், நம் போன்ற கீழ்த்திசையார்க்கு முந்திய நாளின் குறியெண்ணையே கொள்வதென்று பின்னர் விதி வகுத்தனர். சனி, ஞாயிறுகளிற் சந்தை இல்லை. அதனால் வெள்ளிக்கிழமை இரவிலேயே சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளுக்குமுரிய இடங்களையும் நாம் கணித்துவிடலாம். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அவ்விடத்திற் கூடுவது இவ்வாட்டத்தாரின் வழக்கம். சென்றவர் தம் படங்களை இணையத்திலிட்டுப் பிறருக்குக் காட்டுவர்.

சித்தேரி அடங்கிய கட்டம் வடக்கு 11 முதல் 12 வரையும், கிழக்கு 78 முதல் 79 வரையும் உள்ளதாகும். பரப்பு ஏறத்தாழ 12,000 சதுர கிலோமீட்டர். சேலம், நாமக்கல், ஆத்தூர், பெரம்பலூர் ஆகிய ஊர்கள் இதனுள் அடங்கும். சேர்வராயன் மலையும், ஓரியின் கொல்லிமலையும், பச்சைமலையும், கல்வராயன் மலையின் பெரும்பகுதியும் இதனுள்ளேயே உள்ளன. அரூர் மட்டும் 12-ஆம் ரேகைக்குச் சற்று வடக்கே, அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகின்றது. தமிழ்நாட்டில் இத்துணை மலைகளை ஒருங்கே தாங்கிய கட்டம் வேறுண்டோ என்று ஐயுறுகின்றோம். சமவெளிக் கட்டத்துக்காரன் மிதிவண்டியிற் சென்று முடிக்கும் காரியத்துக்கு நம் கட்டத்துக்காரன் மலையேற வேண்டும்.

மன்றோ தம் சித்திரத்தில் ஓர் உதாரணம் காட்டியுள்ளார். 2005-ஆம் ஆண்டு மே 26-ஆம் நாள், குறியெண் 10458.68. கிடைத்த பின்னங்கள் 0.857713, 0.544543. அவர் இவற்றைக் கலிபோர்னியாவிலுள்ள ஒரு கட்டத்தோடு சேர்த்துக் காட்டினார். விடுதியில் ஒருநாள் இரவு, அதே பின்னங்களை நம் கட்டத்தோடு சேர்த்துப் பார்ப்போமே என்று முயன்றோம். வடக்கு 11.857713, கிழக்கு 78.544543 என்று வந்தது. அதாவது 11 பாகை 51 கலை 28 விகலை, 78 பாகை 32 கலை 40 விகலை. படத்தை விரித்துப் பார்க்க, அது சித்தேரி மலைகளின் பரப்புக்குள்ளேயே வீழ்ந்திருந்தது! உலகெங்கும் பலர் கண்ட உதாரணம், தருமபுரி மாவட்டத்து மலையொன்றையும் தன்னையறியாமலே சுட்டிக்கொண்டிருந்தது என்பதைக் கண்டு வியந்தோம். முழு எண்ணாட்டம் ஒதுக்கிவிட்ட மலையைப் பின்ன ஆட்டம் தன் முதல் உதாரணத்திலேயே எடுத்துக்கொண்டது.

இக்கட்டத்தின் மேற்குச் சுவராகிய 78-ஆம் தீர்க்கரேகைக்கு ஒரு வரலாறு உண்டு. லாம்டன் என்னும் ஆங்கிலப் படைவீரர் 1802-ஆம் ஆண்டில் சென்னைப் பரங்கிமலையினருகே சங்கிலி கொண்டு ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளந்து, அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக நாடு முழுவதையும் அளக்கத் தொடங்கினார். கன்னியாகுமரியிலிருந்து இமயம் நோக்கிச் சென்ற பெருவில் என்னும் அளவை இந்த 78-ஆம் ரேகையை ஒட்டியே ஓடியது. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் ஏற்றும்போது அவருடைய அரை டன் எடையுள்ள கோணமானி மோதிச் சிதைந்ததும், அவரே அதனைப் பல வாரம் அமர்ந்து செப்பனிட்டதும் பலரும் அறிந்த செய்தி. அத்துணை நுட்பமாக அளந்தும், பழைய இந்தியப் படங்களின் தீர்க்கம் சென்னை வானாராய்ச்சி நிலையத்தைக் கொண்டு கணிக்கப்பட்டமையின், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தந்தி மூலம் மீண்டும் சோதித்தபோது ஏறத்தாழ 2 கலை 27 விகலை மிகையாயிருந்தமை தெரியவந்தது. நம் பக்கத்தில் அது நாலரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பழைய படத்தை நம்பிச் செல்வோன் 78-ஆம் ரேகை என்று எண்ணி நிற்குமிடம் வேறொருவருடைய ஊராக இருக்கும். இங்கிலாந்திலுள்ள கிரீன்விச்சிலேயே, நிலத்திற் பதித்த சுழிக்கோட்டுக்கு 102 மீட்டர் கிழக்கே சென்றால்தான் இன்றைய ஜி.பி.எஸ். கருவி சுழி காட்டுகின்றது. எண் அசையாதது, அது சுட்டும் மண்ணோ நாம் அளக்கும் முறைக்கேற்ப மாறுகின்றது.

இனி அக்கருவியின் இயல்பைச் சிறிது கூறுவோம். ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்திற் சுழலும் செயற்கைக் கோள்கள் தத்தம் நேரத்தை இடைவிடாது அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. குறைந்தது நான்கு கோள்களின் அறிவிப்பு வந்து சேரும் காலத்தைக் கணித்துக் கருவி தன் இடத்தை உணர்கின்றது. அமெரிக்க அரசாங்கம் வேண்டுமென்றே அதிற் கலந்து வைத்திருந்த பிழையை 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. அதன் பின்னரே சாதாரண மனிதன் சில மீட்டருக்குள் தன் இடத்தை அறிய முடிந்தது. ஆயினும் செங்குத்தான பள்ளத்தாக்கிலும் அடர்ந்த மரநிழலிலும் அறிவிப்புக்கள் மறைந்தும் பாறையில் மோதித் திரும்பியும் வருமாதலின், கருவி தடுமாறும். சித்தேரியில் இதனை எதிர்பார்த்தே செல்லவேண்டும்.

சித்தேரி என்னும் பெயரைப் பற்றி ஒரு சொல். சிற்றப்பன் சித்தப்பனானதும், காற்று பேச்சு வழக்கிற் காத்து ஆவதும் போல, சிற்றேரி சித்தேரியாயிற்று என்று கொள்வது பொருந்தும். அங்கு வாழ்வோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். பெயர் கொண்டு அவர்களைக் கேரளத்தார் என மயங்கலாகாது. அவர்கள் பேசுவது தமிழே. காஞ்சிபுரத்திலிருந்து தம் முன்னோர் மலையேறி வந்தனர் என்பது அவர்களிடையே வழங்கும் கர்ணபரம்பரைக் கதை. சாமையும் கேழ்வரகும் விளைவித்து வாழும் அவர்களுக்கு ஒவ்வொரு சரிவும், ஒவ்வொரு ஓடையும், ஒவ்வொரு கொல்லையும் பெயருடையனவே. ஆகவே நாம் முதலிற் பெயரறியாத இடம் என்று கூறியது, வெளியூரார் நோக்கிற் கூறியதேயாம்.

எண் நடுநிலையுடையது, செல்வர் தெரு என்றும் சேரி என்றும் பாராது, புகழ்பெற்ற மலையையும் பெயர் வெளிவராத மலையையும் ஒன்றாகவே எண்ணும். இதுவே இவ்வாட்டத்தின் அழகு என்று நாம் கருதுகின்றோம். சுற்றுலாக்காரர் யாவரும் ஏற்காட்டுக்கே செல்ல, எண் ஒருவனைச் சித்தேரிக்கு அனுப்புகின்றது. ஆனால் அதே எண் அங்கே யார் இருக்கிறார் என்பதையும் பாராது. அது சுட்டுமிடம் காப்புக்காடாக இருக்கலாம். அனுமதியின்றி அதனுட் புகுவது குற்றம். ஒருவர் வீட்டு முற்றமாக இருக்கலாம். விளைந்து நிற்கும் சாமைக் கொல்லையின் நடுவாக இருக்கலாம். அத்தகைய இடமாயின், அன்றைய புள்ளியை விட்டுவிடுவதில் இழிவொன்றுமில்லை.

இது சித்தேரிப் பக்கத்தில் வெறும் மரியாதைப் பேச்சன்று. கையிற் கருவியோடு காட்டு வழியில் வரும் அந்நியர் அங்குள்ளோர்க்கு யார்? 1992-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் நாள், இம்மலையின் அடிவாரத்திலுள்ள வாச்சாத்தி என்னும் பழங்குடியினர் ஊருக்குள், சந்தனக் கட்டையைத் தேடுவதாகக் கூறி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆகியவற்றைச் சேர்ந்தோர் பெருந்திரளாகப் புகுந்தனர். ஊரார் அடிக்கப்பட்டனர், வீடுகள் சூறையாடப்பட்டன, பதினெட்டுப் பெண்கள் கற்பழிக்கப்பட்டனர். குற்றஞ் சாட்டப்பட்ட 269 பேரில் உயிருடனிருந்த 215 பேரும் குற்றவாளிகளே என்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாள். சென்னை உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது 2023-ஆம் ஆண்டில். நீதி வந்து சேர முப்பது ஆண்டுக்கு மேலாயிற்று. அத்தகைய மலையடியில், “எண் அழைத்தது, வந்தோம்” என்று விளக்கஞ் சொல்லி ஒருவர் கொல்லைக்குள் நடப்பது எத்துணைப் பேதைமை! “எதை அளக்க வந்தீர்கள்? எங்கள் நிலத்தை எடுக்கப்போகிறார்களா?” என்று அவர்கள் வினவினால், வினவியவர்மேற் பிழையில்லை.

ஆதலின் செல்ல விரும்பும் மாணவர் முதலில் வனத்துறையாரிடம் வினவி, புள்ளி காப்புக்காட்டுக்குள் உள்ளதா என்று தெளிதல் வேண்டும். பின்னர் ஊர் சேர்ந்து, பெரியவர் ஒருவரைக் கண்டு, வந்த காரியத்தை மறையாது சொல்லி, கருவியை அவர் கையிற் கொடுத்துக் காட்டுதல் நன்று. விளையாட்டென்று கேட்டால் அவர் சிரிப்பார்; சிரித்தபின் வழியும் காட்டுவார் என்று நம்புகின்றோம். முகங்களைக் கேளாமற் படமெடுத்து இணையத்திலிடுதல் கூடாது. வீடுகளுக்கு அண்மையிலுள்ள புள்ளியாயின் எண்ணின் கடைசி இலக்கங்களை வெளியிடாது விடுவதும் தக்கதே. படத்தின் கீழே எண்ணோடு, அவ்விடத்துக்கு அங்குள்ளோர் வழங்கும் பெயரையும் கேட்டு எழுதுவார் மிகச் சிலர். தமிழ் பயிலும் நாமேனும் அதனைச் செய்யலாம். நில அளவைப் படங்களில் ஏறாத இடப்பெயர்கள் இம்மலைகளிற் பல உளவாதல் வேண்டும்.

வடக்கு 11.857713, கிழக்கு 78.544543 என்னும் இடத்துக்கு நாம் இன்னும் சென்றதில்லை. அது காடோ, கொல்லையோ, பாறையோ, நேரிற் கண்டவர்க்கே தெரியும். நம் கல்லூரியில் அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து மாணவரோ பழைய மாணவரோ எவரேனும் இருப்பின், அவ்விடத்துக்குச் சித்தேரியார் வழங்கும் பெயர் யாதென்று அவ்வூராரை வினவி, இப்பத்திரிகையின் தமிழ்ப் பகுதிக்கு எழுதியனுப்புமாறு கேட்டுக்கொள்கின்றோம். அடுத்த ஆண்டின் இதழில் அதனை வெளியிடுவோம்.