இருபது கிலோமீட்டர் தூரத்துப் புத்தகம்

ஊட்டியிலிருந்து கூடலூர் சாலையில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் போனால் பைக்காரா. 1932-ல் இந்த ஆற்றுத் தண்ணீரில் எடுத்த மின்சாரம் மலையிறங்கிப் போய்க் கோவை ஆலைகளை ஓட்டத் தொடங்கியது. அப்போது ஊட்டியில் ஒரு நூலகத்துக்கு 73 வயது. மின்சாரம் சமவெளிக்குப் போய்விட்டது. அந்த நூலகத்துப் புத்தகம் மட்டும் பக்கத்து மலைக்கு வரவில்லை.

நீலகிரி நூலகம் 1859-ல் தொடங்கியது. செங்கல் சுவரும் உயர்ந்த கோதிக் ஜன்னலுமாக இன்று நிற்கும் கட்டடத்தை வடிவமைத்தவர் ராபர்ட் சிஷோம். சென்னையின் செனட் ஹவுஸும் அவர் கைவண்ணம்தான். கோடையில் சென்னை மாகாண அரசே மலையேறி ஊட்டிக்கு வந்துவிடும் காலம் அது. அதிகாரிகளுக்கும் தோட்டத்துரைமார்களுக்கும் படிக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. சந்தா கட்டி உறுப்பினரானார்கள். அரிய பழைய நூல்களை ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகக் காத்துவரும் அந்த நூலகத்துக்கு இந்த மலை கடன்பட்டிருக்கிறது. ஆனாலும் அது சந்தாதாரர்களின் நூலகம். ஊராரின் நூலகம் வேறு.

அந்த வேறு நூலகத்துக்கு வித்திட்டவர் சீர்காழியில் பிறந்த கணிதப் பேராசிரியர் எஸ்.ஆர். ரங்கநாதன். சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றவர், 1928-ல் சென்னை நூலகச் சங்கம் உருவாக முன்னின்றார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் கிடைத்தாக வேண்டும் என்பது அவர் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று. 1931-ல் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகப் போனார்கள். வாசகர் வரட்டும் என்று காத்திராமல், மாட்டைப் பூட்டிப் புத்தகமே கிளம்பிய அந்த நாளுக்குத் தமிழ்நாட்டு நூலக வரலாற்றில் தனி இடம் உண்டு.

1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் இப்படியொரு சட்டம் இதுவே முதல். அவினாசிலிங்கம் செட்டியார் அப்போது கல்வி அமைச்சர். சட்டத்தின் உயிர் நூலக வரியில் இருக்கிறது. உள்ளாட்சிகள் வசூலிக்கும் சொத்து வரியோடு சேர்த்து, இப்போது ரூபாய்க்கு 10 காசு. வீட்டு வரி ரசீதில் அந்தச் சிறு தொகையைப் பலர் கவனிப்பதுகூட இல்லை. மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என்று விரிந்த அமைப்பு அந்தக் காசில்தான் வளர்ந்தது. புரவலர் மனம் வைத்தால் புத்தகம் என்ற நிலை போய், கேட்டு வாங்கும் உரிமையானது.

மலையில் அந்த உரிமைக்கு நேரமும் தூரமும் குறுக்கே நிற்கின்றன. தேயிலைக் கொழுந்து பறித்து, எடை போட்டு, தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டுக்குத் திரும்பும் பெண்ணுக்குப் பொழுது சாய்ந்துவிடும். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் பைக்காரா பக்கம் சாலை தெரியாமல் மூடுபனி இறங்கும். ஊட்டிக்குப் பஸ் ஏறிப் போய் ஒரு நாவலை எடுத்து வர ஒரு நாள் கூலியை விட வேண்டியிருந்தால், அவருக்கு நூலகம் இல்லை என்றே பொருள். அவருக்கு வேண்டியது ஞாயிற்றுக்கிழமை லைன் வாசலில் வந்து நிற்கும் ஒரு புத்தக வேன். மன்னார்குடிப் பக்கம் ஒரு ஜோடி மாடு 1931-லேயே செய்த வேலைதான் அது.