சலவை இயந்திரம் நின்றுவிட்டால் முதலில் கவனிக்க வேண்டியவை

ஒரு காலத்தில் வசதி படைத்தோரின் வீடுகளில் மாத்திரம் காணப்பட்ட சலவை இயந்திரம், கணவனும் மனைவியும் தொழிலுக்குச் செல்லும் நடுத்தரக் குடும்பங்களில் இன்று அத்தியாவசியப் பொருளாகிவிட்டது. பிள்ளைகளின் வெள்ளைச் சீருடைகளை நாள்தோறும் தோய்த்துக் காயவைக்க வேண்டிய வீட்டில் அது திடீரென நின்றுவிட்டால் ஏற்படும் சிரமம் சிறிதன்று. 2022 மார்ச் மாத ஆரம்பத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலரின் பெறுமதி, மே மாதமளவில் 350 ரூபாவைத் தாண்டியது. அதன் பின்னர் இறக்குமதிப் பொருட்களின் விலைகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. எனவே, புதியதொன்றை வாங்குவதற்கு முன்னர் இருப்பதை ஆராய்ந்து பார்ப்பது அவசியமாகின்றது.

பழுது எனக் கருதப்படுபவற்றுள் பல, இயந்திரத்தின் உள்ளே இருப்பவையல்ல. மின்சாரம், நீர் வரும் வழி, நீர் வெளியேறும் வழி, உடைகளின் சுமை ஆகிய நான்கையும் ஒழுங்காகப் பரிசீலித்தால் காரணம் பெரும்பாலும் புலப்பட்டுவிடும்.

இயந்திரம் இயங்கவே மறுத்தால், அதே மின்செருகியில் வேறொரு சாதனத்தைப் பொருத்திப் பார்க்க வேண்டும். அது இயங்குமாயின், அடுத்துக் கதவைக் கவனிக்க வேண்டும். கதவு அல்லது மூடி முழுமையாக மூடப்படாதவிடத்து இயந்திரம் இயங்காதவாறு பாதுகாப்பு ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது. சிறுவர்கள் இயக்குவதைத் தடுக்கும் பூட்டு தவறுதலாக அழுத்தப்பட்டிருப்பதும் உண்டு.

நீர் நிரம்பவில்லையெனில், குழாய் திறந்துள்ளதா, இறப்பர்க் குழாய் மடிந்துள்ளதா எனப் பார்த்த பின்னர், அது இயந்திரத்துடன் இணையும் இடத்திலுள்ள சிறு வலையைக் கழற்றிக் கழுவ வேண்டும். கிணற்று நீரிலுள்ள மண்ணும் துருவும் அதனை அடைத்துவிடுகின்றன. நீர்த்தாங்கியின் உயரமும் முக்கியமானது. பத்து மீற்றர் உயரமே ஏறத்தாழ ஒரு பார் அழுத்தத்தைத் தருவதால், கூரைக்குச் சற்றே மேலுள்ள தாங்கியின் அழுத்தம் சில இயந்திரங்களுக்குப் போதாது. யாழ்ப்பாணக் குடாநாடு, புத்தளம் போன்ற சுண்ணக்கற் பிரதேசங்களின் வன்னீர், நீரைச் சூடாக்கும் பாகத்தில் படிவை ஏற்படுத்துகின்றது என்பதையும் மறந்துவிடலாகாது.

நீர் வெளியேறாதிருப்பதற்கு, முன்புறம் கதவுள்ள இயந்திரங்களில் பெரும்பாலும் அடிப்பகுதியிலுள்ள வடிகட்டியே காரணமாகும். நாணயங்கள், ஊசிகள், பொத்தான்கள், கடற்கரை மணல் என்பன அங்கு சேர்கின்றன. இயந்திரத்தை மின்னிணைப்பிலிருந்து அகற்றி, சூடான நீர் ஆறிய பின்னர், கீழே ஒரு தட்டை வைத்து அதனை மெதுவாகத் திறக்க வேண்டும். கழிவுநீர்க் குழாயின் நிலையும் ஆராயப்பட வேண்டியதே. நீரிறைக்கும் பம்பியுள்ள இயந்திரத்தில் குழாயின் முனை மிகத் தாழ்வாக இருப்பின் நிரம்பும் நீர் தானாகவே வழிந்தோடிவிடும். பம்பி இல்லாத, மேலே மூடியுள்ள இயந்திரங்களிலோ அக்குழாய் தரையோடு தாழ்ந்தே இருக்க வேண்டும்.

சுழலும்போது இயந்திரம் அதிர்ந்தால், நான்கு கால்களும் சமமாக உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். கனமான ஒரேயொரு போர்வையைத் தனியாக இடுவதும் சமநிலையைக் குலைக்கும். புதிய இயந்திரமாயின், கொண்டுவரும்போது பொருத்தப்பட்ட பாதுகாப்புத் திருகாணிகள் அகற்றப்பட்டனவா என்பதை உறுதிப்படுத்த வேண்டும். கையால் தோய்ப்பதற்கான சலவைத்தூளை இடுவதால் எழும் அதிக நுரையும் அலசுதலைத் தடை செய்கின்றது.

எனினும், நாம் நிறுத்திக்கொள்ள வேண்டிய எல்லை ஒன்றுண்டு. இயந்திரத்தை இயக்கியவுடன் வீட்டின் ட்ரிப் சுவிட்ச் விழுமாயின், அது உயிரைக் காக்கும் எச்சரிக்கையாகும். அதனைப் பலவந்தமாக நிறுத்திவைப்பதோ, அதனைத் தவிர்த்து நேரடி இணைப்புக் கொடுப்பதோ மரணத்தை வரவழைக்கும் செயலாகும். ஈரத்தரையில் நின்று தொடும்போது மெல்லிய அதிர்வு உணரப்படுவதும், கருகிய மணம் வீசுவதும் அவ்வாறானவையே. மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரும் கெப்பாசிட்டரில் மின்னேற்றம் எஞ்சியிருக்கக்கூடும் என்பதால், பின்புற மூடியைத் திறப்பதைத் தகுதிவாய்ந்த திருத்துநரிடமே விட்டுவிட வேண்டும். புவியிணைப்புச் சரியாக உள்ளதா என்பதையும் அவரைக் கொண்டே பரிசோதிப்பது நன்று.

திருத்துநரை அழைக்கும்போது, எந்தக் கட்டத்தில் இயந்திரம் நின்றது, திரையில் எந்தக் குறியீடு தோன்றியது என்பவற்றைக் குறித்துவைத்துக் கூறினால் வீண் செலவு குறையும். கட்டணத்தை முன்கூட்டியே கேட்டறிந்து, மாற்றப்பட்ட பழைய பாகத்தையும் பற்றுச்சீட்டையும் பெற்றுக்கொள்ள வேண்டும். உத்தரவாதக் காலம் முடிவடையாதவிடத்து வெளியாரைக் கொண்டு திறப்பது அவ்வுரிமையை இழக்கச் செய்யக்கூடும். ஏமாற்றப்பட்டதாகக் கருதுவோர், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம் தாமதமின்றி எழுத்துமூலம் முறையிடலாம். பற்றுச்சீட்டு இன்றேல் அம்முறைப்பாட்டை நிரூபிப்பது கடினமாகும்.

வலையைக் கழுவுவதும் வடிகட்டியைச் சுத்தப்படுத்துவதும் வீட்டிலுள்ள எவரும் செய்யக்கூடியவை. மின்சாரத்துடன் விளையாடுவது எவருக்கும் உகந்ததன்று. இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருப்பின், பணமும் மிஞ்சும், உயிரும் காக்கப்படும்.