கார் பளபளக்கட்டும்... மூச்சு முட்ட வேண்டாம்!

"பகல்ல ஒண்ணுமில்லே டாக்டர். ராத்திரி பத்து மணிக்கு மேலே நெஞ்சை அடைக்குது. விசில் மாதிரி சத்தம் வருது!"

வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற அன்பர் ஒருவர் இப்படிச் சொல்லிக்கொண்டே என் எதிரில் உட்கார்ந்தார். சிகரெட் பழக்கம் கிடையாது. பரம்பரையில் யாருக்கும் ஆஸ்துமாவும் இல்லை.

"சமீபத்துல புதுசா ஏதாவது வேலை செஞ்சீங்களா?" என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்பாவோட பழைய அம்பாசடர்! பானெட், மட்கார்டு எல்லாத்தையும் கழட்டி நானே பெயிண்ட் அடிக்கிறேன். ஈரப் பெயிண்ட்ல தூசி உட்காரக் கூடாதில்லையா? அதனால ஷெட் கதவைச் சாத்திக்கிட்டுத்தான் அடிப்பேன்!"

வியாதியின் வேர் அந்தச் சாத்திய கதவில்தான் இருந்தது!

அம்பாசடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. இருக்கிற வண்டியைச் சீராட்டுவது நல்ல பொழுதுபோக்குதான். வேண்டாமென்று நான் சொல்லவே மாட்டேன். பெயிண்ட் கண்ணாடி மாதிரி வரவேண்டும், உடம்பும் கெடக்கூடாது. அதற்கு வழி இருக்கிறது.

முதலில் சுத்தி!

சித்த மருத்துவத்தில் உலோகத்தைச் சுத்தி செய்யாமல் பற்பம் செய்ய மாட்டோம். பெயிண்டுக்கும் அதே கதைதான். முக்கால்வாசி அழகு, டப்பாவைத் திறப்பதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது.

பழைய பெயிண்டையும் துருவையும் 80-ம் நம்பர் வாட்டர் பேப்பரில் ஆரம்பித்து 180, 320 என்று படிப்படியாகத் தேயுங்கள். தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்க வேண்டும். காரணம், பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். காய்ந்த தூசியாகப் பறந்தால் வீட்டுக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே அது பாதிக்கும். 'இவ்வளவு ஈயம் உடம்பில் இருந்தால் பரவாயில்லை' என்று எந்த அளவும் கிடையாது. பெயிண்டில் ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தி 2017 நவம்பரில் அமலுக்கு வந்த விதிகூட வீட்டுப் பெயிண்டுகளுக்குத்தான்; உங்கள் பழைய பானெட்டுக்கு அது பொருந்தாது. தேய்த்த சேற்றைத் துணியால் வழித்துக் கட்டிப் போடுங்கள். போட்டிருந்த சட்டையைத் தனியாகத் துவையுங்கள். பேரக்குழந்தை பக்கத்திலேயே வரக்கூடாது.

தேய்த்ததும் உடனே துடைத்துக் காய வைத்து, எண்ணெய்ப் பிசுக்குப் போகத் தின்னர் துணியால் துடையுங்கள். கைக்கு ரப்பர் உறை அவசியம். வெறும் விரலால் தொட்டால் வியர்வை உப்பு ஒட்டி, அந்த இடத்தில் மறுபடி துரு கிளம்பும். அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள். பிறகு பள்ளங்களுக்குப் பட்டி பார்த்து, 400-ல் தேய்த்து, அதன் பிறகுதான் பெயிண்ட்.

அவசரம் கூடாது!

'ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்க வேண்டாமா?' என்பார்கள். கெட்டியாக ஒரே கோட் அடித்தால் வழிந்துவிடும். ஸ்ப்ரே கன்னை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மெல்லிய கோட்டாக மூன்று முறை அடியுங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவே, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை காத்திருங்கள். மழை நாளில் வேண்டாம். ஈரக்காற்று பட்டால் பளபளப்பு மங்கி, வெள்ளையாகப் பூத்துவிடும்.

தூசிக்கு என்ன செய்வது என்கிறீர்களா? கதவைச் சாத்தாதீர்கள். தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு, காற்றடிக்காத காலை நேரத்தில், இரண்டு பக்கமும் திறந்து வைத்து அடியுங்கள். பக்கத்தில் அடுப்போ, ஊதுவத்தியோ கூடாது. தின்னர் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும்.

இதை மட்டும் வீட்டில் வேண்டாம்!

நம் அன்பர் அடித்தது, ஹார்டனர் கலக்கும் டூ-பேக் பெயிண்ட். அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. வாசனையை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. துணி மாஸ்க் தடுக்காது. அடித்துப் பல மணி நேரம் கழித்து, ராத்திரியில்கூட மூச்சு இழுக்கும். ஒருமுறை உடம்பு அதற்குப் பகையாகிவிட்டால், பிறகு துளி பட்டாலும் ஆஸ்துமா கிளம்பும். வெளியிலிருந்து காற்று வரும் மாஸ்க்கும், தனி பெயிண்டிங் பூத்தும் உள்ள இடத்தில்தான் இந்த வேலை நடக்க வேண்டும்.

"வெல்லமும் வாழைப்பழமும் சாப்பிட்டா தூசி இறங்கிடும்னாங்களே?" என்று கேட்டார் அவர். சாப்பாடு போகிற குழாய் வேறு, மூச்சுக் குழாய் வேறு! வெல்லம் நுரையீரலைக் கழுவாது. ஆடாதோடை கஷாயம் சளிக்கு நல்லதுதான். ஆனால் காரணத்தை விலக்காமல் கஷாயம் கொடுத்து என்ன பிரயோசனம்? ஸ்ப்ரே கன்னைக் கீழே வைக்கச் சொல்லி, மூச்சுப் பரிசோதனைக்காக அவரை நுரையீரல் நிபுணரிடம் அனுப்பினேன்.

இப்போது தேய்ப்பதும் பட்டி பார்ப்பதும் மட்டும்தான் அவர் வேலை. கடைசி கோட்டுகளைப் பூத்தில் கொடுத்து அடித்துக்கொள்கிறார். போன மாதம் காரிலேயே வந்து இறங்கினார். பானெட்டில் என் முகம் தெரிந்தது.

"ராத்திரி தூக்கம்?" என்றேன்.

"விசில் சத்தம் இல்லே டாக்டர்!"

எனக்கு அந்தப் பளபளப்பைவிட இந்த பதில்தான் பிடித்திருந்தது.